காற்றாலைகளுக்கு நடுவே சிப்பியும் பாசியும்: ஒரே கடற்பரப்பில் பல தொழில்களை அமைக்கும் முறை

வரைபடத்தில் பார்த்தால் ஒரு கடற்காற்றாலைப் பண்ணைக்குள் இடம் தாராளமாகக் கிடப்பது போலத் தெரியும். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் ஒரு கிலோமீட்டர், சில பண்ணைகளில் அதற்கும் மேல். தூணின் விட்டமோ எட்டு, பத்து மீட்டர்தான். மீதிக் கடலில் சிப்பி வளர்க்கலாம், பாசி வளர்க்கலாம், சூரியத் தகடு மிதக்கவிடலாம், கூடு போட்டு நண்டு பிடிக்கலாம் என்ற யோசனை இங்கிருந்துதான் கிளம்புகிறது. யோசனை நல்லதுதான். செய்தும் பார்த்திருக்கிறார்கள். பெல்ஜியத்தில் கரையிலிருந்து 30 முதல் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காற்றாலைகளுக்கு நடுவே சிப்பிக் கயிறுகளைப் போட்டுச் சோதித்தார்கள். நெதர்லாந்தின் ஹொலாண்ட்ஸே கஸ்ட் ஸௌட் பண்ணையில் 139 காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றுக்கு இடையே 2024-ல் கடற்பாசிப் பண்ணை அமைத்தார்கள். சீனாவின் ஃபூஜியான் கரைக்கு அப்பால் ஒரே மிதக்கும் மேடை காற்றாலையையும் மீன் வளர்ப்பையும் சேர்த்துத் தாங்குகிறது.

ஆனால் கடலைப் பங்கிடுவது பரப்பைப் பங்கிடும் வேலை அல்ல. யார் எப்போது எந்த வழியாகப் போவது, எது அறுந்தால் யார் போய் எடுப்பது என்பதைப் பங்கிடும் வேலை. சிப்பி வளருமா என்ற கேள்விக்குக் கடல் ஓராண்டில் பதில் சொல்லிவிடும். நள்ளிரவுப் புயலில் ஒரு கயிறு அறுந்து காற்றாலைத் தூணைச் சுற்றிக்கொண்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் காகிதத்திலேயே பதில் எழுதி வைத்திருக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. காற்றாலைகளுக்கு நடுவே கயிற்றில் சிப்பியும் பாசியும் வளர்ப்பதை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறோம், ஏனென்றால் சிக்கல் எல்லாம் அதில் ஒன்றாக வந்து நிற்கும்.

முதலில், உங்களுக்குக் கிடைக்காத இடத்தை வரையுங்கள்

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு. ஒரே வரிசையில் தூணுக்குத் தூண் 1,000 மீட்டர், வரிசைக்கு வரிசை 1,400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு தூண்களுக்கு நடுவே உள்ள கட்டத்தின் பரப்பு 140 ஹெக்டேர். மின்சாரம் கொண்டுபோகும் கடலடிக் கேபிள் பெரும்பாலும் வரிசையை ஒட்டியே தூணிலிருந்து தூணுக்கு ஓடும்.

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 60-வது பிரிவு, கடலில் நிறுவிய கட்டமைப்பைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் விதிக்கக் கரையோர நாட்டுக்கு உரிமை தருகிறது. பல நாடுகள் இயங்கும் காற்றாலைக்கு அதைவிடக் குறைவாகவே விதிக்கின்றன. இருந்தாலும் முதல் வரைபடத்தை 500 மீட்டர் வைத்தே போடுங்கள். பிறகு குறைத்துக்கொள்வது எளிது, கூட்டுவது கடினம். இரண்டு வரிசைகளிலிருந்தும் 500 மீட்டர் விலகினால் அகலம் 400 மீட்டராகச் சுருங்கும். நீளவாக்கில் படகு குறுக்கே போக 200 மீட்டர் வழி விடுங்கள். மிஞ்சுவது 400-க்கு 800, அதாவது 32 ஹெக்டேர். 140 எங்கே, 32 எங்கே! முதலீட்டாளரிடம் போகும்போது இந்த 32-ஐக் கொண்டு போங்கள்.

அதிலும் முழுவதும் பயிர் நிற்காது. பயிர்க் கயிறுகளைத் தொங்கவிடும் நெடுங்கயிற்றைத் தாய்க்கயிறு என்றும், அதிலிருந்து தொங்குபவற்றைத் தொங்குகயிறு என்றும் சொல்வோம். ஆழம் 30 மீட்டர், தாய்க்கயிறு நீர்மட்டத்துக்கு 8 மீட்டர் கீழே என்றால், தரையிலிருந்து தாய்க்கயிறு 22 மீட்டர் உயரத்தில் இருக்கும். நங்கூரக் கயிற்றின் நீளம் அந்த உயரத்தைப் போல மூன்று மடங்கு என்று வைத்தால் 66 மீட்டர். தரையில் அது ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய 62 மீட்டர் எடுத்துக்கொள்ளும். ஆக, 100 மீட்டர் தாய்க்கயிற்றுக்குக் கடல் தரையில் 225 மீட்டர் வேண்டும். புதிதாக வருபவர்கள் மறப்பது இதைத்தான். மேலே மிதவைகளின் இடத்தை மட்டும் வரைந்துவிட்டு, நங்கூரம் கேபிள் மேல் போய் விழுவதைப் பிறகுதான் பார்ப்பார்கள்.

இதோடு இன்னொன்றும் குறிக்க வேண்டும். காற்றாலையின் இறக்கையோ பற்சக்கரப் பெட்டியோ பழுதானால், தரையில் கால் ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ளும் பெரிய கப்பல் வரும். அது எந்தப் பக்கத்திலிருந்து அணுகும், கால்களை எங்கே ஊன்றும் என்பது காற்றாலைக்காரரின் கோப்பில் இருக்கும். அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். கேபிள் பழுதானால் அதை மேலே தூக்கி இணைத்து மறுபடி கீழே இறக்க, கேபிளுக்கு ஒரு பக்கம் அகலமான வெற்றிடம் தேவை. பழுது பார்த்த கேபிள் பழைய தடத்தில் படுக்காது. கூடுதல் நீளம் ஒரு வளைவாகப் பக்கத்தில் விழும். அந்த வளைவுக்கும் இடம் ஒதுக்குங்கள்.

இந்த வரைபடத்தை வரையும்போதே மீனவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், வரைந்து முடித்த பிறகு காட்டுவதற்காக அல்ல. மணல் திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது, நீரோட்டம் எந்த மாதத்தில் முறுக்குகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். காற்றாலை வந்தபோது இழுவலைக்காரர்கள் அங்கே இடம் இழந்தார்கள். இப்போது மிச்சம் இருந்ததும் பாசிக்குப் போகிறது என்று அவர்கள் நினைத்தால் அந்த நினைப்பில் நியாயம் உண்டு. கூடு போட்டு நண்டும் இறாலும் பிடிப்பவர்களுக்குத் திட்டத்துக்குள்ளேயே ஒரு கட்டத்தை ஒதுக்குவது நல்ல வழி. கூடுகளின் வரிசைக்குக் கொக்கி நங்கூரம் வேண்டாம், எடைக்கட்டி போதும் என்று மட்டும் கட்டாயமாக்குங்கள். கொக்கி இழுபட்டால் கேபிளில்தான் போய் மாட்டும்.

எதை எதோடு சேர்ப்பது

சேர்க்கும் முன் இரண்டு கேள்விகள்: ஒன்றின் கழிவோ நிழலோ மற்றொன்றுக்கு உதவுமா, இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே படகு வேண்டுமா?

சிப்பியும் பாசியும் நல்ல ஜோடி. சிப்பி மிதவை நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்று அம்மோனியாவை வெளிவிடும், பாசி அதை எடுத்துக்கொள்ளும். ஆனால் திறந்த கடலில் நீர் நிற்காமல் ஓடுவதால் இந்தப் பலன் சிறியது. இதை நம்பி விளைச்சல் கணக்கைக் கூட்டிப் போடாதீர்கள். உண்மையான பலன், ஒரே நங்கூர முறையை இரண்டும் பயன்படுத்தலாம் என்பதும், வேலை நாட்கள் வெவ்வேறு பருவத்தில் வரும் என்பதும்தான்.

சூரியத் தகடும் காற்றாலையும் இன்னொரு ஜோடி. கரைக்கு மின்சாரம் கொண்டுபோகும் கேபிள் ஆண்டின் பெரும்பகுதி நேரம் முழுக் கொள்ளளவில் ஓடாது. காற்று அடங்கிய வெயில் நாளில் தகடு அந்தக் கேபிளை நிரப்பும். தகட்டுக்குக் கீழே பாசி போட நினைக்காதீர்கள், நிழலில் பாசி வளராது.

தூணின் அடியில் மண் அரிக்காமல் இருக்கக் கொட்டும் கற்குவியல் இருக்கிறதே, அது ஐரோப்பிய தட்டை ஆய்ஸ்டரை மீட்டெடுக்க ஏற்ற இடம். அந்தச் சிப்பி ஒட்டிக்கொள்ள உறுதியான தளம் வேண்டும், இழுவலை வராத இடமும் வேண்டும். இரண்டும் அங்கே இருக்கின்றன. விற்பனைக்கு அல்ல, இனத்தை மீட்க. குஞ்சுச் சிப்பி வாங்கும்போது பொனாமியா நோய் இல்லை என்ற சான்று இல்லாமல் ஒரு கூடைகூட இறக்காதீர்கள். அந்த ஒட்டுண்ணி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் கடலிலிருந்து அதை வெளியேற்ற வழியில்லை.

சுற்றுலாவும் சேரும். கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே 2000-ஆம் ஆண்டு முதல் 20 காற்றாலைகளோடு நிற்கும் மிடல்க்ருண்டனுக்குப் பார்வையாளர்கள் படகில் போகிறார்கள். அது கரையை ஒட்டி இருப்பதால் முடிகிறது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் பயணிகள் வாந்தி எடுத்துக்கொண்டுதான் திரும்புவார்கள். அந்தத் தொலைவில் சுற்றுலாவைத் திட்டத்தில் எழுதவே வேண்டாம்.

தாய்க்கயிற்றை எவ்வளவு ஆழத்தில் போடுவது

திறந்த கடலில் தாய்க்கயிறு மேல்மட்டத்தில் மிதக்கக் கூடாது. அலையின் ஆட்டம் ஆழத்தில் குறையும், எவ்வளவு குறையும் என்பது அலையின் கால அளவை, அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே கடக்கும் நேரத்தை, பொறுத்தது. ஆழ்கடலில் அலைநீளம், மீட்டரில், கால அளவின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் வரும். 6 விநாடி அலை 56 மீட்டர், 8 விநாடி அலை 100 மீட்டர், 12 விநாடி அலை 225 மீட்டர்.

இப்போது கயிற்றை 10 மீட்டர் ஆழத்தில் வையுங்கள். 6 விநாடி அலையின் ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அங்கே எட்டும். 8 விநாடி அலையில் பாதிக்குச் சற்று மேல். 12 விநாடி அலையில் முக்கால் பங்கு அப்படியே வந்து சேரும். அதாவது உள்ளூர்க் காற்றில் எழும் குட்டை அலைக்கு 10 மீட்டர் ஆழம் நல்ல கவசம், தொலைதூரப் புயலிலிருந்து வரும் நீண்ட அலைக்கு அது கவசமே அல்ல. ஆகவே அலையின் உயரத்தை மட்டும் கேட்டு வடிவமைக்காதீர்கள். கால அளவோடு சேர்ந்த பதிவை வாங்குங்கள், குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு. காற்றாலைக்காரரிடம் அது இருக்கும். தூண் வடிவமைக்கும்போதே எடுத்திருப்பார்கள். ஒத்துழைப்பில் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய பொருள் அதுதான்.

கீழ் எல்லையும் உண்டு. தொங்குகயிற்றின் நுனி தரையிலிருந்து குறைந்தது 5 மீட்டராவது மேலே நிற்க வேண்டும். சிப்பி வளர்ந்து எடை ஏறும்போது தாய்க்கயிறு தொய்யும். தொய்ந்து நுனி தரையைத் தொட்ட அன்றே நட்சத்திர மீன்கள் ஏறத் தொடங்கும். சில வாரங்களில் கீழ்ப்பாதி வெறும் ஓடாகிவிடும்.

எடையும் மிதவையும்

100 மீட்டர் தாய்க்கயிறு, இரு முனையிலும் பத்துப் பத்து மீட்டர் விட்டுவிட்டு மீட்டருக்கு ஒன்று வீதம் 80 தொங்குகயிறுகள், ஒவ்வொன்றும் 6 மீட்டர். மொத்தம் 480 மீட்டர். அறுவடை நேரத்தில் மீட்டருக்கு 8 கிலோ சிப்பி என்றால் 3,840 கிலோ. நீருக்குள் இதன் எடை ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரைதான்: ஏறக்குறைய 770 முதல் 960 கிலோ. 300 லிட்டர் மிதவை ஒன்று, தன் எடை போக, 280 கிலோ வரை தூக்கும். நான்கு போதும் போலத் தெரியும். ஐந்தாவது ஒன்றைக் கூடுதலாக வைத்துக் கணக்குப் போடுங்கள், கொட்டலசும் கடற்பூக்களும் ஏறும் எடைக்காக.

ஆனால் ஐந்தையும் முதல் நாளே கட்டிவிடாதீர்கள். குஞ்சு கட்டிய கயிற்றில் மீட்டருக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோதான் இருக்கும். தூக்கும் சக்தி மிகையானால் கயிறு விறைத்து நிற்கும், ஒவ்வொரு அலைக்கும் வெட்டி இழுக்கும். அந்த வெட்டில் குஞ்சுகள் உதிரும், கண்ணிகள் தேயும். இரண்டில் தொடங்கி, சிப்பி வளர வளர மிதவையைக் கூட்டுங்கள்.

மிதவையின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மெல்லிய சுவருள்ள வெற்று மிதவை மேல்மட்டத்துக்குச் செய்தது. நீருக்குள் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஒரு மிதவை நசுங்கினால் தாய்க்கயிறு அந்த இடத்தில் தாழும், பக்கத்து மிதவை இன்னும் ஆழத்துக்குப் போகும், அதுவும் நசுங்கும். ஒரே இரவில் வரிசை முழுவதும் தரையில் கிடக்கும். நுரை நிரப்பிய, ஆழ அளவு பொறித்த மிதவைதான் வேண்டும். வைக்கும் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள்.

நீரோட்டத்தின் இழுப்பும் நங்கூரமும்

எடையை விட இழுப்புதான் கயிறுகளை அறுக்கிறது. சிப்பி மூடிய தொங்குகயிறு 15 சென்டிமீட்டர் தடிமன் என்றால், 6 மீட்டர் நீளத்துக்கு நீரோட்டத்தை எதிர்க்கும் பரப்பு 0.9 சதுர மீட்டர். விநாடிக்கு ஒரு மீட்டர் ஓட்டத்தில் ஒன்றின் மேல் விழும் விசை ஏறக்குறைய 600 நியூட்டன், அதாவது 60 கிலோ எடைக்குச் சமம். எண்பதுக்கும் சேர்த்தால் 5 டன் நெருங்கும். ஓட்டம் பாதியானால் விசை கால்வாசியாகும். ஓட்டம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டே கால் மடங்காகும்.

இந்த 5 டன் ஓட்டம் குறுக்கே வரும்போது. 100 மீட்டர் கயிறு 10 மீட்டர் வளைந்து கொடுத்தால், நெடுக ஏறும் இழுவிசை 6 டன்னைத் தாண்டும். இன்னும் விறைப்பாகக் கட்டியிருந்தால் அதைவிட அதிகம். அதே கயிற்றை ஓட்டத்தின் திசையிலேயே கிடத்தினால், முன்னால் நிற்கும் தொங்குகயிறு பின்னால் நிற்பதற்கு மறைப்பாகும், இழுப்பு வெகுவாகக் குறையும். ஆகவே தாய்க்கயிற்றை நீரோட்டத்தின் முதன்மை அச்சில் போடுங்கள். காற்றாலை வரிசை வேறு திசையில் ஓடுகிறதே, அழகாக அதற்கு இணையாகப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஓட்டத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

இனி நங்கூரம். 5 டன் கான்கிரீட் கட்டை 5 டன் பிடிக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நீருக்குள் கான்கிரீட்டின் எடை 57 விழுக்காடாகிறது: 2.85 டன். மணலில் உராய்வு அதில் பாதி என்று வைத்தால், பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும் சக்தி 1.4 டன். மேலே சொன்ன 6 டன்னுக்கு முன்னால் இது எம்மாத்திரம்? நங்கூரக் கயிறு சாய்வாக மேலே இழுப்பதால் அந்த 1.4-ம் இன்னும் குறையும்.

மணல் தரைக்குத் திருகு நங்கூரமே சிறந்தது. இழுபட்டு நகராது, எந்தத் திசை இழுப்பையும் ஏற்கும், இறக்கிய புள்ளியிலேயே நிற்கும். கேபிள் பக்கத்தில் இருக்கும்போது இந்த மூன்றாவது குணம் விலைமதிப்பற்றது. கொழுநங்கூரம் வலுவாகப் பிடிக்கும், ஆனால் பிடிக்கும் முன் பல மீட்டர் உழுதுகொண்டு போகும். அதைக் காற்றாலைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொள்ளவும் கூடாது. திருகு நங்கூரத்தை இறக்கிய பிறகு ஒவ்வொன்றையும் இழுத்துச் சோதித்து, எத்தனை டன் தாங்கியது என்று பதிவு செய்யுங்கள். மணல் அலை நகரும் தரையில் ஆண்டுக்கு ஒருமுறை ஒலி அளவையில் பாருங்கள். ஒரு மீட்டர் மணல் அரித்துப் போனால் நங்கூரத்தின் பிடியும் அதற்கேற்பப் போய்விடும்.

காற்றாலைத் தூணிலேயே கட்டினால் என்ன? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. தூணின் சோர்வு ஆயுளை, அதாவது ஓயாத ஆட்டத்தில் எஃகு விரிசல் விடாமல் தாங்கும் காலத்தை, தூணின் மேல் விழும் ஒவ்வொரு விசையையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சான்று வாங்கியிருக்கிறார்கள். உங்கள் 6 டன் அந்தக் கணக்கில் இல்லை. புதிதாகக் கட்டும் தூணில் வடிவமைக்கும்போதே சேர்த்தால் தவிர, கட்டாதீர்கள்.

இணைப்புகளில்தான் பெரும்பாலான அறுப்புகள் நடக்கின்றன. கயிற்றையும் சங்கிலியையும் இணைக்கும் ஆணியுள்ள வளையமான ஷேக்கிளின் ஆணி அலையாட்டத்தில் மெல்ல மெல்லத் திரும்பிக் கழன்று விழும். ஒவ்வொரு ஆணியையும் கம்பி சுற்றியோ பின் போட்டோ பூட்டுங்கள். துத்தநாகம் பூசிய ஷேக்கிளுக்குத் துருப்பிடிக்காத எஃகு ஆணி போடாதீர்கள். உப்பு நீரில் இரண்டும் மின்கலம் போலாகி ஷேக்கிளின் உடம்பு அரிக்கும். கயிற்றின் கண்ணில் உலோக வளையம் இல்லாமல் ஷேக்கிள் மாட்டினால் ஒரு புயல் பருவத்துக்குள் நார் நாராகிவிடும். நைலான் கயிறு நனைந்தால் 10 முதல் 15 விழுக்காடு வலிமை இழக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பாசி

கெல்ப் என்னும் குளிர்கடல் பெரும்பாசி வகைக்கு இலையுதிர் காலத்தில் வித்திட்ட நூலைக் கயிற்றில் சுற்றி இறக்கி, வசந்தத்தின் முடிவுக்குள் அறுத்துவிட வேண்டும். இரண்டு வாரம் கூட விட்டுப் பார்ப்போம் என்ற ஆசைதான் விளைச்சலைக் கெடுக்கிறது. நீர் சூடேறியதும் இலையின் மேல் வெள்ளைச் சல்லடை போல ஒரு பூச்சு படரும். அவை கூட்டமாக வாழும் நுண்ணிய பிராணிகள். அவை படர்ந்த இலை விறைத்து ஒடியும், உணவுக்கு விற்க முடியாது. வாரம் ஒருமுறை பத்து இலை எடுத்து ஒளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முதல் புள்ளி தெரிந்ததும் அறுவடைப் படகைக் கூப்பிடுங்கள். வெப்பக்கடலில் வளரும் கப்பாஃபைக்கஸ் 45 நாளில் அறுவடைக்கு வரும், ஆனால் அதன் தண்டு முரட்டு அலையில் ஒடியும். அது ஒதுங்கிய நீருக்கான பயிர், காற்றாலைகளுக்கு நடுவே உள்ள திறந்த கடலுக்கு ஏற்றதல்ல.

படகும் நாட்காட்டியும்

ஒரே படகு இரண்டு வேலையும் பார்க்கும், செலவு பாதியாகும் என்பது இந்தத் துறையில் அடிக்கடி கேட்கும் வாக்குறுதி. அப்படி நடப்பதில்லை. காற்றாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் படகு அலை உயரம் 1.5 மீட்டர் வரை ஆளை ஏணியில் இறக்கும். தாய்க்கயிற்றைத் தூக்கிச் சிப்பி உரிக்கும் வேலைக்கும் அதே அமைதிதான் வேண்டும், இன்னும் அதிகமாகவே வேண்டும். இருவரும் ஒரே அமைதி நாளைத்தான் கேட்பார்கள். அந்த நாளில் காற்றாலைதான் முந்தும், ஒரு காற்றாலை ஒரு நாள் நின்றால் இழப்பு பெரியது. மேலும் ஆள் படகில் பாரந்தூக்கி இல்லை, டன் கணக்கில் ஈரச் சிப்பி வைக்கத் தளமும் இல்லை.

பகிர முடிந்தவை வேறு: வானிலை முன்னறிவிப்பு, அலைமிதவைத் தரவு, கேமரா, ரேடார், அவசர மீட்பு, துறைமுகக் கிடங்கு. பருவத்தையும் பங்கிடலாம். காற்றாலையின் திட்டமிட்ட பராமரிப்பு கோடையில் நடக்கும், கெல்ப் விதைப்பு இலையுதிர் காலத்திலும் அறுவடை வசந்தத்திலும் வரும். இந்த இடைவெளியில் ஒரே வேலைப்படகை இரு தரப்பும் ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தால் இருவருக்கும் இலாபம். தொலைவையும் கணக்கிடுங்கள். 40 கிலோமீட்டர் தொலைவை மணிக்கு 8, 9 கடல்மைல் (நாட்) வேகத்தில் போகும் படகு கடக்க இரண்டரை மணி நேரம். போக வர ஐந்து. குறுகிய பகலுள்ள மாதங்களில் கடலில் வேலை செய்ய மிஞ்சுவது மூன்று மணி நேரம்தான்.

உணவுப் பொருள் என்பதால்

எஃகுத் தூண் அரிக்காமலிருக்கப் பல இடங்களில் அலுமினியக் கலவைக் கட்டிகளைத் தொங்கவிடுவார்கள். அவை கரைந்து தூணைக் காக்கும். அந்தக் கலவையில் துத்தநாகமும் சிறு அளவில் இண்டியமும் உண்டு. சிப்பி நீரை வடிகட்டும் உயிர், கிடைப்பதைச் சேர்த்து வைக்கும். குஞ்சு இறக்கும் முன்பே நீரையும் வண்டலையும், தூணில் தானாக ஒட்டி வளர்ந்த சிப்பியையும் சோதித்து அடிப்படை அளவை எழுதி வையுங்கள். பின்னால் ஒரு அளவு கூடினால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல அதுதான் ஆதாரம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருசிப்பிகளுக்கு ஈயத்தின் வரம்பு கிலோவுக்கு 1.5 மில்லிகிராம், காட்மியத்தின் வரம்பு 1.0. நுண்பாசியால் சிப்பியில் சேரும் நச்சு வேறு. நுண்பாசி பெருகும் மாதங்களில் வாரந்தோறும் மாதிரி எடுக்க வேண்டும், தொலைவைக் காரணம் காட்டித் தவிர்க்க முடியாது. மாதிரி எடுத்து வர ஆள் படகு உதவும், ஒரு பனிப்பெட்டிதானே.

சிப்பியைத் தின்னும் கடல்வாத்துகள் பண்ணையைத் தேடி வரும். இறக்கைகள் சுழலும் இடத்துக்குப் பறவைகளை நாமே அழைத்தது போலாகும். வலசைப் பாதையில் இருக்கும் கட்டங்களைச் சிப்பிக்கு எடுக்காதீர்கள், பாசிக்கு எடுங்கள். திமிங்கிலம், ஓங்கில் உலவும் கடலில் தொய்ந்த கயிறும் வளையமாக மிதக்கும் நுனியும்தான் ஆபத்து. எல்லாக் கயிறும் விறைப்பாக இருக்கட்டும், மெல்லிய கயிறு எதுவும் தளர்ந்து தொங்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

காற்றாலைக்குக் கடலடிக் குத்தகை 25, 30 ஆண்டு. உலகின் முதல் கடற்காற்றாலைப் பண்ணையான டென்மார்க்கின் விண்டபி 1991-ல் ஓடத் தொடங்கி 2017-ல்தான் பிரிக்கப்பட்டது. சிப்பிக்காரருக்கோ ஓராண்டு, ஈராண்டுச் சுழற்சி. இதைக் காட்டி ஈராண்டு அனுமதி மட்டும் தருவார்கள். ஏற்காதீர்கள். நங்கூரச் செலவு திரும்ப வரக் குறைந்தது பத்து ஆண்டு வேண்டும்.

பேசித் தீர்க்க வேண்டியவை பல. அவற்றில் மூன்றை மட்டும் எழுத்தில் இல்லாமல் விட்டுவிடாதீர்கள். முதலாவது, அவசரத்தில் உங்கள் கயிற்றை வெட்டும் உரிமை காற்றாலைக்காரருக்கு எப்போது வரும், எத்தனை மணி நேர அறிவிப்புக்குப் பிறகு, வெட்டிய பயிருக்கு யார் பொறுப்பு. இரண்டாவது, ஒரு தரப்பின் பொருள் மற்றதைச் சேதப்படுத்தினால் இழப்பீட்டுக்கு உச்ச வரம்பு எவ்வளவு. ஒரு கேபிளின் பழுதுச் செலவு முழுவதையும் சிப்பிக்காரர் தலையில் வைத்தால் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் அவரை ஏற்காது. பல திட்டங்கள் இந்த ஒரு வரியில்தான் நின்றுபோகின்றன. சோதனைக் கட்டத்திலேயே காப்பீட்டாளரை அழைத்து நங்கூரச் சோதனைப் பதிவுகளைக் காட்டுங்கள், அந்தக் காகிதம்தான் அவருக்குப் புரியும் மொழி. மூன்றாவது, அகற்றும் செலவுக்கான பிணைத்தொகை. தொழில் நொடித்தாலும் நங்கூரமும் கயிறும் கடலில் கிடக்கக் கூடாது.

உள்ளே நுழையும் ஒவ்வொரு படகும் காற்றாலையின் கடல் கட்டுப்பாட்டு அறையில் பதிந்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். பண்ணையின் மூலைகளில் மஞ்சள் நிறத்தில், உச்சியில் பெருக்கல் குறியுள்ள சிறப்பு மிதவைகளை விளக்கோடு நிறுத்துங்கள்.

ஒரு வெற்றுக் கயிறு, ஒரு புயல் பருவம்

முதலில் பயிரே இல்லாமல் ஒரே ஒரு தாய்க்கயிற்றை, முழு நங்கூரத்தோடும் இழுவிசை அளக்கும் கருவியோடும் ஒரு புயல் பருவம் முழுவதும் போட்டு வையுங்கள். சிப்பியின் தடிமனுக்குப் பழைய குழாய்த் துண்டுகளை மாட்டி இழுப்பை வரவழைக்கலாம். அந்தப் பருவத்தில் அளந்த உச்ச இழுவிசையை உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். கணக்கைத் தாண்டியிருந்தால் எண்ணிக்கையைக் கூட்டும் முன் வடிவத்தைத் திருத்துங்கள்.

இரு முனை மிதவைகளிலும் செயற்கைக்கோள் இடங்காட்டி வையுங்கள். குறித்த வட்டத்தைத் தாண்டினால் உங்கள் கைப்பேசிக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை போக வேண்டும். வட்டத்தின் ஆரத்தை ஓத ஏற்ற இறக்கத்தில் மிதவை இயல்பாக நகரும் தூரத்தைவிடச் சற்றே கூட்டி வையுங்கள். மிகச் சிறியதாக வைத்தால் தினமும் பொய் எச்சரிக்கை வந்து, ஒரு மாதத்தில் யாரும் அதைப் பார்க்காமல் விடுவார்கள். எச்சரிக்கை வந்ததும் யார் யாரை அழைப்பது, எந்தப் படகு, எந்தத் துறைமுகம், எத்தனை மணி நேரத்தில் என்று ஒரே பக்கத்தில் எழுதி இரு தரப்பின் சுவரிலும் ஒட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, இரவில், உண்மையாகவே ஒரு மிதவையை அவிழ்த்துவிட்டுப் பிடித்துப் பாருங்கள்.

அகற்றும் நாளில் திருகு நங்கூரத்தை எதிர்த்திசையில் திருகினால் வந்துவிடும், ஆனால் அதன் தலை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இறக்கிய அன்றே ஒவ்வொன்றின் இடக்குறியீட்டையும் தலை மணலுக்கு மேல் எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் எழுதி, ஒரு படியைக் காற்றாலைக்காரரிடமும் ஒரு படியைக் கடல்வரைபட அலுவலகத்திடமும் கொடுத்துவிடுங்கள்.